கற்கண்டும் கிதாரும்

இந்த வாரம் ஒரு கடிதத்தைப் பற்றி உங்களிடம் பேசப் போகிறேன். எழுதியவர் மாம்பலத்தில் இருக்கும் ஒரு தாயார். பெயர் வேண்டாம், அவர் பெண்ணும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவள்.

"எட்டு வருஷம் பாட்டு சொல்லி வைத்தேன். ஐம்பது கீர்த்தனை பாடமாகியிருக்கிறது. இப்போது அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, கிதாரும் கையுமாகத் தானே பாட்டுக் கட்டிப் பாடுகிறாள். பாட்டி ஊரில் கிணறு வற்றிப் போனதைப் பற்றி ஒரு பாட்டாம்! கேட்டால் எனக்குத் தொண்டையை அடைக்கிறது. அது வேறு விஷயம். அடுத்த மாதம் இவளைப் போல நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சாயங்காலம் பாடப் போகிறார்களாம். அனுப்பலாமா? இதெல்லாம் சங்கீதத்தில் சேர்த்திதானா?"

அந்த மாதிரி சாயங்காலங்களை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். சென்னையில் இப்போது அடிக்கடி நடக்கிறது. சின்ன ஹால், ஐம்பது நாற்காலி, ஒரு மைக். பக்கவாத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாடுகிறவரே எழுதி, மெட்டுப் போட்டு, வாசித்துப் பாடுவார். சினிமாப் பாட்டும் கிடையாது, கீர்த்தனையும் கிடையாது. தெம்மாங்கின் ஜாடை கொஞ்சம், இங்கிலீஷ் நாடோடிப் பாட்டின் சாயல் கொஞ்சம். பாதிக்குப் பாதி சுமார்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டுமல்லவா? ஆனால் மீதிப் பாதியில் ஒரு பாட்டாவது வீடு வரை கூடவே வரும்.

கடிதத்துக்கு உடனே பதில் எழுதாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு திருத்தணிக்குப் புறப்பட்டுவிட்டேன். பிரார்த்தனை ஒன்று பாக்கி இருந்தது.

வருஷத்தின் நாட்களுக்குச் சமமாய் 365 படிகள் அங்கே என்பது உங்களுக்குத் தெரியும். நூற்று எண்பதாவது படியில் என் முழங்கால் சத்தியாக்கிரகம் செய்தது. உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஒரு பஜனைக் கோஷ்டி ஏறி வந்தது. பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் தெலுங்கு. 1960 ஏப்ரல் முதல் தேதிதான் இந்தத் தாலுகா ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்து சேர்ந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பலன். கோடு மாறியதே தவிரப் பாட்டுக்குப் பாஷை பேதம் ஏற்படவில்லை. கோஷ்டியில் ஒரு கிழவி, எல்லாரும் பாடி ஓய்ந்த இடத்தில், தானாக இரண்டடி சேர்த்தாள். பஸ் வர நேரமானது, காலில் முள் குத்தியது, மருமகள் கூட வராதது எல்லாவற்றையும் காவடிச் சிந்து மெட்டில் முருகனிடம் முறையிட்டாள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பின்பாட்டுப் பாடினார்கள். 'இது சங்கீதத்தில் சேர்த்தியா?' என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் முத்துஸ்வாமி தீக்ஷிதர் நினைவுக்கு வந்தார்.

அவருடைய தகப்பனார் ராமஸ்வாமி தீக்ஷிதர் லேசுப்பட்டவரல்ல. ஹம்ஸத்வனி ராகத்தையே உண்டாக்கியவர். பிள்ளை காசிக்குப் போய்ச் சிதம்பரநாத யோகியிடம் சில வருஷங்கள் இருந்து திரும்பி, சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் குடும்பத்தோடு இருந்தார். வீணையும் வாய்ப்பாட்டும் தெரியும். ஆனால் சொந்தமாக ஒரு கீர்த்தனை செய்ததில்லை என்கிறார்கள். அப்படிப்பட்ட வாலிபர் திருத்தணிக்கு வந்து தியானத்தில் உட்கார்ந்தார். ஒரு பெரியவர் வந்து, "வாயைத் திற" என்று சொல்லிக் கற்கண்டைப் போட்டு மறைந்தாராம். 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று முதல் கீர்த்தனை பிறந்தது. கற்கண்டு கொடுத்தவர் முருகனே என்பது பரம்பரையாய் வரும் கதை.

எனக்கு அந்தக் கதையைவிட ராகந்தான் ஆச்சரியம். மாயாமாளவகௌளை! நம் வீட்டுக் குழந்தைகள் பாட்டு வாத்தியாரின் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து சரளி வரிசை ஆரம்பிக்கிற அதே ராகம். அத்தனை பெரிய வித்வான் தம் முதல் பாட்டுக்குப் பாலபாடத்து ராகத்தையே எடுத்துக்கொண்டார்.

மாம்பலத்து அம்மணி கிதாரைக் கண்டு பயப்படுகிறார் அல்லவா? இதே தீக்ஷிதர், மணலியில் இருந்த நாட்களில், கோட்டையில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டவர். இங்கிலீஷ் ராஜாவை வாழ்த்துகிற பாட்டு, அயர்லாந்து நாட்டார் மெட்டு, இவற்றுக்கெல்லாம் ஸம்ஸ்கிருதத்தில் சாஹித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று சுமார் நாற்பது இருக்கின்றன. உங்கள் பெண்ணின் பாட்டு வாத்தியாரே ஒன்றிரண்டு சொல்லிக் கொடுத்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

முதல் பாட்டிலேயே 'குருகுஹ' என்று ஒரு முத்திரை வைத்தார். அதையே கடைசி வரை வைத்தார். அவர் காலமானது 1835-ல். இன்றைக்கும் எந்த மூலையில் எவர் பாடினாலும், அந்த வார்த்தை வந்ததும் 'தீக்ஷிதர்' என்று தலை ஆடுகிறது. ரிஜிஸ்தரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது இதோ தெரியும்.

சென்னையிலிருந்து ரயிலில் போனால் அரக்கோணத்தைத் தாண்டித்தான் திருத்தணி. அந்த அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. கீழ்ப்பாக்கத்தில் 2018 ஜனவரி 6-ந் தேதி 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற கூட்டம் கானாவையும் பறையையும் கிதாரையும் சேர்த்து முதல் கச்சேரி செய்ததே, அதில் பாடியவர்களில் ஒருவர். பிறகு 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. சந்தோஷ் நாராயணன் இசையில், தீ என்ற பெண்ணோடு சேர்ந்து பாடினார். வார்த்தைகள் அறிவுடையவை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் கதையை அதில் வைத்தார். காட்டைத் திருத்தியவர்களுக்குக் கையகல நிலமில்லை என்ற கதை. சினிமாவின் தயவில்லாமல் அந்தப் பாட்டைக் கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள். ஒப்பாரி கேட்டால் முகம் சுளிக்கிற வீடுகளிலும் குழந்தைகள் அதற்கு ஆடின!

அதே வருஷம் ஆகஸ்டில் ஓர் ஆங்கில சங்கீதப் பத்திரிகையின் அட்டையில் தீயின் படம் வந்தது, அறிவின் படம் இல்லை. பலர் சண்டை பிடித்த பிறகு அவருக்கென்று தனி அட்டை போட்டார்கள். மறுவருஷம், பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்று கூடி வேலை செய்தவர்களுக்குள்ளேயே பகிரங்கமாக அபிப்பிராய பேதம் வந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் உட்காரவில்லை. பாட்டியின் கதையைப் பாட்டாக்கிய ஒரு பிள்ளை, 'இது என்னுடையது' என்று உரக்கச் சொல்ல வேண்டி வந்ததே என்றுதான் மனசு சங்கடப்படுகிறது.

ஆகையால், அம்மணி, உங்கள் கேள்விக்கு என் பதில்: அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கிணற்றுப் பாட்டை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி வார்த்தைக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை. பதிவு செய்துதான் தீரவேண்டும் என்பதில்லை, இயற்றினாலே உரிமை வந்துவிடும். இருந்தாலும் நாளை ஒரு பேச்சு வந்தால் நோட்டுப் புத்தகம் பேசும். கூட வாசிக்கிறவர்கள் மெட்டில் பங்கு கொண்டால், அதையும் மேடை ஏறுவதற்கு முன்பே எழுதிக்கொள்ளட்டும். சிநேகிதம் இருக்கும்போது எழுதுவது சுலபம்.

மதுரை அம்புஜம் கிருஷ்ணா நினைவிருக்கிறதா? 1989-ல் காலமானவர். நூற்றுக்கணக்கில் பாட்டுக்கள் எழுதினார். வித்வான்கள் மெட்டமைக்க, மேடைகளில் மற்றவர்கள் பாடினார்கள். உங்கள் பெண்ணோ எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடவும் துணிந்திருக்கிறாள்.

நீங்களும் கூடப் போங்கள். முதல் வரிசை வேண்டாம், அவளுக்குக் கை நடுங்கும். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். தாளம் மட்டும் போடாதீர்கள்! கிணற்றுப் பாட்டு வரும்போது தொண்டையை அடைத்தால் அடைக்கட்டும். உங்கள் மாமியாரால் வர முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள், கிணறு அவருடையதல்லவா?

மலையடிவாரக் கடையில் ஒரு பொட்டலம் கற்கண்டு வாங்கி வந்திருக்கிறேன். கடிதத்தில் விலாசம் எழுத மறந்துவிட்டீர்கள். தெரிவித்தால் தபாலில் அனுப்புகிறேன்.