தேனுக்கு ஒரு நீதி, பனைக்கு ஒரு நீதியா?

நான் மது அருந்துபவன் அல்லன். இருப்பினும், நிக்டியில் வாழும் தமிழன்பர்கள் புனேயில் நடந்திருக்கும் ஒன்றை அறிய வேண்டும். ரோஹன் ரெஹானி, நிதின் விஷ்வாஸ் என்ற இரு நண்பர்கள் 'மூன்ஷைன் மீடரி' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தேனும் நீரும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புளிக்க வைத்த 'மீட்' என்னும் தேன்மதுவை 2018-இல் முறைப்படி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

நமக்கு இது புதிதல்ல. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் தேறலைச் சங்கப் பாடல்களே பேசுகின்றன. ஆனால் பனையை மாநில மரமாகக் கொண்ட தமிழகத்தில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. ஆலைச் சரக்கையோ 2003 முதல் அரசின் டாஸ்மாக் கடைகளே விற்று வருகின்றன.

மதுவே வேண்டாம் என்றால் அது ஒரு கொள்கை; மதிக்கிறேன். ஆலைக்குக் கதவைத் திறந்துவிட்டுப் பனைத் தொழிலாளியின் கலயத்தை உடைப்பது என்ன கொள்கை? கள்ளில் கலப்படம் நடக்கும் என்பார்கள். தண்டவாளத்தில் விரிசல் என்றால் ரயில்வேயில் நாங்கள் அதைச் சரிசெய்வோம். ரயிலையே ஒழித்துவிட மாட்டோம். கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நடக்கவில்லையா?

தடை நீங்கும் நாளில், பனையேறத் தெரிந்தவர் சிலராவது மிஞ்சியிருக்க வேண்டாமா? அன்பர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.