குடியை விட நினைப்பவருக்குத் தமிழில் ஒரு துணை வேண்டும்

சாலைக் கடைவீதியில் மூட்டை தூக்கும் ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். தென்காசிப் பக்கத்துக்காரர். கூலி கைக்கு வந்த மாலையே அதில் பாதி மதுக்கடைக்குப் போய்விடும். சென்ற ஆண்டு அவர் மனைவி காதில் கிடந்ததை அடகு வைத்து, அவரை ஒரு சிகிச்சை நிலையத்தில் சேர்த்தார். பத்து நாளில் கை நடுக்கம் நின்றது. பசி வந்தது, தூக்கம் வந்தது. வீடு திரும்பிய மூன்றாவது வாரம் மறுபடியும் குடித்தார்.

"அங்கே யாரும் உங்களிடம் உட்கார்ந்து பேசவில்லையா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பேசினாங்க தம்பி. நல்ல மனுஷர்தான். மலையாளத்திலே கேட்டார். எனக்கு மூட்டைக் கணக்குச் சொல்ற மலையாளம் தெரியும். வீட்டுக் கதையைச் சொல்ற மலையாளம் தெரியாதே! எல்லாத்துக்கும் 'சரி சார்'னு தலையாட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

இதில் அந்த நல்ல மனிதரின் குற்றம் எதுவும் இல்லை. குறை நம்மிடம் இருக்கிறது. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நம் வீடுகளிலிருந்து யாரையும் நாம் அனுப்பவில்லை.

மருந்து பாதி, பேச்சு பாதி

குடிநோய்ச் சிகிச்சை இரண்டு கட்டமாக நடக்கிறது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் சில நாட்களில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பது தவறு. அந்தக் கட்டம் மருத்துவருடையது. மாத்திரையும் வைட்டமினும் அங்கே வேலை செய்யும்.

உடல் தெளிந்த பிறகுதான் அடுத்த கட்டம். எந்த நேரத்தில், யாரோடு சேர்ந்தால், எந்தத் துக்கத்தில் கை குப்பியைத் தேடுகிறது? சம்பள நாளன்று எந்த வழியாக வீட்டுக்குப் போவது? கூட்டாளி அழைத்தால் என்ன பதில் சொல்வது? மனைவியிடம் இழந்த நம்பிக்கையை எப்படி மீட்பது? இவற்றை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூடவிருந்து பேசித் தீர்ப்பவர்தான் ஆலோசகர். கவுன்சிலர் என்றதும் நமக்கு மாநகராட்சி உறுப்பினர்தான் நினைவுக்கு வருவார், இவர் வேறு. இவருடைய ஆயுதம் பேச்சு ஒன்றே. அந்தப் பேச்சு நோயாளியின் தாய்மொழியில் இல்லாவிட்டால் ஆயுதம் மழுங்கிவிடும்.

"புத்தி சொல்ல ஒரு படிப்பா?" என்று சிலர் கேட்கலாம். புத்தி சொல்லாமல் இருக்கத்தான் படிப்பு வேண்டியிருக்கிறது. 1983-ல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். குடிப்பவரோடு வாதாடினால் அவர் குடிக்குப் பரிந்து பேசத் தொடங்குவார். விட வேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். காது கொடுத்துக் கேட்பது, கேட்டதை வெளியே சொல்லாதிருப்பது, தற்கொலை எண்ணம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சேர்ப்பது, மறுபடி குடித்தவரைத் திட்டாமல் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது. இவையெல்லாம் பழகிப் பெற வேண்டிய திறமைகள்.

வழிகாட்டிய ஒரு தமிழ்ப் பெண்

இதற்கு நம்மிடையே முன்மாதிரி உண்டு. சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் தம் கணவரை இளம் வயதிலேயே குடிக்குப் பறிகொடுத்தார். துக்கத்தோடு மூலையில் உட்கார்ந்துவிடாமல், அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்து, 1980-ல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அது குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை தந்ததோடு, பிற நிலையங்களுக்கு ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியாகவும் வளர்ந்தது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

திருவனந்தபுரத்திலும் வசதி இல்லாமல் இல்லை. ஸ்ரீகார்யத்திலுள்ள லயோலா சமூக அறிவியல் கல்லூரி 1963 முதல் இருக்கிறது; அங்கே சமூகப் பணி முதுகலை படிக்கலாம். சமூகப் பணி அல்லது உளவியலில் பட்டம் பெற்றவர்களுக்குப் போதை மீட்பில் தனிப் பயிற்சி தர, மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் குறுகிய காலப் படிப்புகளை நடத்துகிறது. பட்டம் இல்லாதவருக்கும் இடம் உண்டு. குடியை விட்டு ஓரிரண்டு ஆண்டு உறுதியாக நின்றவர், எழுதப் படிக்கத் தெரிந்தால், மீட்பு நிலையங்களில் சக வழிகாட்டியாகலாம். பட்ட அனுபவமே அவருடைய தகுதி.

தேவையோ மலையளவு. மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. கேரள அரசு 2016-ல் 'விமுக்தி' இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் மீட்பு நிலையம் அமைத்தது. நம் மாவட்டத்துக்கு நெய்யாற்றின்கரையில் அமைந்தது. தொலைபேசி ஆலோசனைக்கு 14405 என்ற எண்ணும் உண்டு. கதவு திறந்திருக்கிறது, உள்ளே நம் மொழி கேட்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

"இங்கே பிழைக்க வந்தவன் மலையாளம் கற்கட்டுமே" என்பது நியாயமான பேச்சுதான். கற்கட்டும். ஆனால் பிள்ளையை அடித்த கதையை, ஊரில் பட்ட அவமானத்தை, கற்ற மொழியில் யாரும் அழுது சொல்வதில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே மனு எழுத உரிமை தந்தது. காகிதத்துக்குக் கிடைத்த இந்தச் சலுகை நோயாளியின் நாவுக்கும் கிடைக்க வேண்டாமா?

அரசு, தமிழ் தெரிந்த ஆலோசகர் ஒருவரையாவது மாவட்ட நிலையத்தில் அமர்த்த வேண்டும். நம் தமிழ் அமைப்புகள், ஆண்டு விழாச் செலவில் ஒரு பங்கைக் குறைத்து, ஆண்டுக்கு இரண்டு இளைஞர்களுக்கு இந்தப் படிப்புக்குக் கட்டணம் கட்டலாம். பொன்னாடைகள் நாலு குறைந்தால் விழா ஒன்றும் கெட்டுவிடாது.

குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். மகளோ மகனோ சமூகப் பணி படிக்க விரும்பினால், "குடிகாரனோடு பேசுவதும் ஒரு வேலையா?" என்று தடுக்காதீர்கள். சம்பளம் வங்கி வேலைக்கு ஈடாகாது, உண்மை. மனச்சோர்வும் உண்டு. ஆனால் இரு மொழியும் சரளமாகப் பேசும் பிள்ளைகள் இந்த ஊரில் நம் வீடுகளில்தான் வளர்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்?

அந்த அண்ணாச்சி இன்னும் சாலையில் மூட்டை தூக்குகிறார். இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்கிறார். அப்போதாவது எதிர் நாற்காலியில் உட்காருபவர், "சொல்லுங்க அண்ணாச்சி" என்று தமிழில் தொடங்கட்டும்.