வீட்டுக் கணிப்பொறியில் வேண்டா விருந்தாளி

எளாவூரை அடுத்த ஏரிக்கரைச் சிற்றூரிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட மடல் ஒன்று வரைந்துள்ளார். வலைத் தொழிலை நம்பி வாழும் குடும்பம். செவிலியர் கல்வி பயிலும் மகளுக்கென்று மடிக்கணினி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு மாத காலமாக அதனை முடுக்கும்போதெல்லாம், குறிப்பிட்ட கோப்பைக் காண இயலவில்லை என ஆங்கிலத்தில் ஒரு சிறு கட்டம் தோன்றுகிறதாம். பழுது பார்ப்பவர் ஒருவர், அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும், 2,500 ரூபாய் ஆகும் என்று கூறிவிட்டார். மகளின் பாடக் குறிப்புகளும் மறைந்த பாட்டியாரின் படங்களும் அதனுள்தான் இருக்கின்றன. "என் செய்வது?" என்று வினவுகிறார்.

மடலின் நடுவே போகிற போக்கில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். திரைப்பாடல் கேட்க உறவுப் பையன் ஏதோ ஒரு மென்பொருளை இலவசமாக இறக்கினானாம். அதனோடு கேளாமலே வேறு இரண்டும் வந்து அமர்ந்தனவாம். சினங்கொண்டு அவற்றின் கோப்புகளைத் தாமே அழித்துவிட்டாராம். நோயின் வேர் இதுவே.

பழவேற்காடு ஏரியில் இறால் பிடிப்போர் 'பாடு' என்னும் முறையை வழிவழியாகக் காத்து வருவதை அன்பர் நம்மினும் நன்கு அறிவார். எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலை கட்டலாம் என்பதை அம்முறை வகுக்கிறது. ஊரைவிட்டே போய்விட்ட ஒருவரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்காமல் விட்டால் என்ன ஆகும்? அவரது முறை வரும், பெயர் சொல்லி அழைப்பர், மறுமொழி இராது. கணிப்பொறியும் விழித்தெழும்போது இத்தகைய பட்டியல் ஒன்றைப் படிக்கிறது. கோப்பு அழிந்தது, பட்டியலில் பெயர் நிற்கிறது. ஆகவே நாள்தோறும் அழைத்து, காணவில்லை என்று முறையிடுகிறது. கட்டத்தின் தலையில் 'ரன்டிஎல்எல்' என்றிருந்தால் பெரும்பாலும் இதுவே காரணம். இதற்காகப் பொறியை அழிப்பது, ஒரு பெயரை அடிக்கப் பதிவேட்டையே கொளுத்துவதாகும்.

முதலில் படங்களையும் பாடங்களையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். கட்டத்தில் காணும் கோப்பின் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு 'செட்டிங்ஸ்' சென்று 'ஆப்ஸ்' பகுதியில், நிறுவிய நாளின் வரிசைப்படி பாருங்கள். அப்பாடல் மென்பொருள் வந்த அதே நாளில் வந்தவற்றை 'அன்இன்ஸ்டால்' வழியாகவே நீக்குங்கள். அடுத்து 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று தேடித் திறந்தால் நாம் சொன்ன பட்டியல் தென்படும். குறித்து வைத்த பெயரை அழைக்கும் வரியைக் கண்டதும் அழித்துவிடாமல் 'டிசேபிள்' மட்டும் செய்து, பொறியை அணைத்து முடுக்குங்கள். கட்டம் மீண்டும் வராவிடில், பிறகு அழிக்கலாம். அங்கு அகப்படாவிடில் 'டாஸ்க் மேனேஜரில்' உள்ள 'ஸ்டார்ட்அப்' பட்டியலையும் நோக்குக. இணைய உலாவியில் ஒட்டிக்கொண்ட 'எக்ஸ்டென்ஷன்' எதுவும் உண்டா என்றும் பாருங்கள்.

இறுதியில் விண்டோஸுடனேயே வரும் 'டிஃபெண்டர்' கொண்டு முழுச் சோதனை செய்யுங்கள். மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' என்னும் மையமும் தூய்மைக் கருவிகளை விலையின்றி வழங்குகிறது. 'ரெஜிஸ்ட்ரி' தூய்மை செய்வோம் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை மட்டும் அண்டவிடாதீர்கள். விண்டோஸைப் படைத்த மைக்ரோசாப்ட் நிறுவனமே அவற்றை ஆதரிப்பதில்லை. இனி எதை நிறுவினாலும், 'நெக்ஸ்ட்' என்று விரைந்து அழுத்தாமல், முன்கூட்டியே குறியிடப்பட்ட சிறு பெட்டிகளைப் படித்துக் குறியை எடுத்துவிடுமாறு உறவுப் பையனுக்குச் சொல்லி வையுங்கள். விருந்தாளிகள் நுழையும் வாயில் அதுதான்.

மடலின் பின்குறிப்பே நம்மை அதிகம் கலங்கச் செய்தது. சென்ற வாரம் திரை முழுதும் சிவந்து, பொறியில் நச்சு நிரல் புகுந்ததென்றும் உடனே இந்த எண்ணை அழைக்கவென்றும் எழுத்துகள் தோன்றினவாம். துணைவியார் அந்த எண்ணைத் தாளில் குறித்து வைத்திருக்கிறாராம்.

இது வேறு வகை. முன்னது கணிப்பொறியின் மெய்யான முறையீடு. இது வஞ்சகர் வீசிய தூண்டில். மைக்ரோசாப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறை 'ஆபரேஷன் சக்ரா 2' என்னும் பெயரில் தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் 76 இடங்களைச் சோதனையிட்டதே, அவ்வழக்குகளுள் இத்தகைய போலித் தொழில்நுட்ப உதவி மோசடியும் அடங்கும். அழைத்தால், இனிமையாகப் பேசிப் பொறியைத் தொலைவிலிருந்தே தம் வசமாக்கிக்கொள்வர். பின்பு வங்கிக் கணக்கு ஏது?

அத்திரை மீண்டும் தோன்றினால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தி, உலாவியை 'எண்ட் டாஸ்க்' செய்யுங்கள். மறுமுறை திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால், வேண்டாம் என்று விடுங்கள். எவரேனும் ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருப்பின், ஒரு மணி நேரமும் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் முறையிடுக.

துணைவியார் குறித்து வைத்த அந்தத் தாளை, இம்மடலைப் படித்த கையோடு கிழித்து அடுப்பில் இடச் சொல்லுங்கள்.