இடைவேளைக்குக் காத்திராத விளம்பரம்

விளம்பர இடைவேளை வந்ததும் நாம் தேத்தண்ணி போட எழும்பிவிடுகிறோம். இது விளம்பரதாரருக்கும் தெரியும். அதனால்தான் விளம்பரம் இப்போது நிகழ்ச்சிக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்டது. நடுவரின் மேசையில் கோப்பையாகவும், போட்டியாளரின் கையில் கைத்தொலைபேசியாகவும், சமையலறைத் தட்டில் மசாலாப் பக்கெற்றாகவும் அது இருக்கிறது.

அமெரிக்காவில் 2002 இல் தொடங்கிய ‘அமெரிக்கன் ஐடல்’ பாட்டுப் போட்டி இதற்குப் பெயர்பெற்ற உதாரணம். கொக்கா கோலாவின் சிவப்புக் கோப்பைகள் 2014 வரை நடுவர்களின் முன்னால் இருந்தன. அவர்கள் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் கோப்பை கமராவில் விழுந்துகொண்டே இருந்தது. நாடகத்தில் ஒரு பொருளைக் கண்டால் அது இயக்குநர் வைத்தது என்று ஊகிப்போம். ரியாலிட்டி ஷோவில் அதே பொருளை அந்தப் பிள்ளை உண்மையாகவே பாவிக்கிறாள் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கைதான் விற்பனையாகிறது.

நாம் வாழும் பிரித்தானியாவில் 2011 பெப்ரவரி 28 வரை இது தடைசெய்யப்பட்டிருந்தது. அன்று முதல் அனுமதி கிடைத்தது. ஐ.ரி.வி.யின் காலை நிகழ்ச்சிச் சமையலறையில் வைக்கப்பட்ட கோப்பி இயந்திரமே முதலாவது பொருள். ஆனால் நிபந்தனைகள் உண்டு. நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒவ்வொரு இடைவேளையின் பின்னும் ‘பி’ என்ற எழுத்துக் குறியைக் காட்ட வேண்டும். மதுபானம், சூதாட்டம், கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த உணவுகள் ஆகியவற்றை இப்படி வைக்க முடியாது. செய்தியிலும் சிறுவர் நிகழ்ச்சிகளிலும் எந்தப் பொருளுக்கும் இடமில்லை.

கணக்காளர்களாகிய நமக்கு இது பழகிய விதிதான். ஒரு நிறுவனம் தன்னுடன் தொடர்புடைய தரப்போடு கொடுக்கல் வாங்கல் செய்யலாம். ஆனால் அதை ஆண்டறிக்கையின் குறிப்புகளில் வெளிப்படுத்த வேண்டும். மறைத்தால்தான் பிழை.

இங்கேதான் நமது வீடுகளின் பிரச்சினை தொடங்குகிறது. ‘பி’ குறி விதி, பிரித்தானிய ஒளிபரப்பாளர் தானே தயாரித்த அல்லது தயாரிக்கச் சொன்ன நிகழ்ச்சிகளுக்கே பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வாங்கி ஒளிபரப்புபவற்றுக்கு அது கட்டாயமில்லை. நம்மில் பெரும்பாலோர் மாலையில் பார்ப்பதோ தமிழ்நாட்டு நிகழ்ச்சிகளை. ‘ஏர்டெல் சூப்பர் சிங்கர்’ என்று நிறுவனத்தின் பெயரைத் தலைப்பிலேயே ஒட்டுவதில் நமக்குக் குறையில்லை. அது எல்லோருக்கும் தெரிகிறது. விளையாட்டு என்ற பெயரில் ஒரு பொருளைச் சுற்றியே போட்டி அமைக்கப்படும்போதுதான், விளையாட்டு எது, விற்பனை எது என்று வீட்டிலுள்ள பத்து வயதுப் பிள்ளைக்குப் பிரித்தறிய முடிவதில்லை. அம்மம்மாவுக்கும் முடிவதில்லை.

2019 இல் பிக் பாஸ் தமிழ் மூன்றாம் பருவத்தில், இலங்கையிலிருந்து போன ஓர் இளம்பெண் பல ஆண்டுகள் பிரிந்திருந்த தந்தையை அந்த வீட்டுக்குள் சந்தித்தார். தந்தை கனடாவிலிருந்து வந்திருந்தார். நம்மில் எத்தனையோ பேருக்கு அது சொந்த வீட்டுக் கதை. அந்தக் கண்ணீரை நாம் பொய் என்று சொல்லவில்லை. அந்த நிமிடம் எவரும் தேத்தண்ணி போட எழும்பவில்லை என்பதையே சொல்கிறோம். விளம்பரதாரர் விலை கொடுப்பது அந்த எழும்பாத நிமிடங்களுக்குத்தான். நமது பிரிவும் ஏக்கமும் அங்கே யாரோ ஒருவரின் வரவுப் பக்கத்தில் எழுதப்படுகின்றன.

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு நாம் விதி வகுக்க முடியாது. ஆனால் புலம்பெயர் நாடுகளில் நாமே நடத்தும் பாட்டுப் போட்டிகளும் நடனப் போட்டிகளும் உண்டு. நகைக் கடைகளும் வீட்டு முகவர்களும் அவற்றுக்கு அனுசரணை தருகிறார்கள். அந்தப் பணம் இல்லாமல் மண்டப வாடகையே கட்ட முடியாது. அதை வாங்குவதில் தவறில்லை. எந்தப் பொருள் காசு வாங்கிக்கொண்டு மேடையில் வைக்கப்பட்டது என்று தொடக்கத்தில் ஒரு வரி அறிவித்தால் போதும். அதற்குச் செலவு எதுவுமில்லை.

வீட்டில் இன்னும் எளிது. அடுத்த முறை பிள்ளைகளோடு இருந்து பார்க்கும்போது, “அந்தக் கோப்பையை அங்கே வைக்க யார் காசு கொடுத்தது?” என்று கேட்டுப் பார்ப்போம்.