நம் தரை, பிறரின் கூரை

"என் வீட்டுக்குள் நான் என்ன செய்தால் அவருக்கு என்ன?" சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் வினா இது. கேட்போர் கொடியவர் அல்லர். ஞாயிறு தவறாது திருப்பலிக்கு வருவோர். பிறர் துன்பம் கண்டால் கைகொடுப்போர். ஆயினும் இவ்வினாவை எழுப்பும்போது அவர்கள் குரலில் சிறிதும் ஐயம் இராது. பணம் கொடுத்து வாங்கிய வீடு. வங்கிக் கடன் இன்னும் அடைந்தபாடில்லை. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பதெல்லாம் தம் உரிமை என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணம் தவறு என்று நாம் சொல்கிறோம். தனி வீட்டில் அதற்கு ஓரளவு பொருள் இருக்கலாம். அடுக்ககத்தில் அறவே இல்லை.

நம் பங்கைச் சேர்ந்த இரு குடும்பங்கள் தங்கள் பிணக்கைத் தீர்த்துவைக்குமாறு நம்மிடம் வந்தன. கீழ்வீட்டில் இருப்பவர் ஒரு செவிலியர். மாதத்தில் பாதி நாள் அவருக்கு இரவுப்பணி. காலையில் வீடு திரும்பிப் பகலில் உறங்க வேண்டியவர். மேல்வீட்டில் கணவன், மனைவி, இரு பிள்ளைகள், முதிய தாய் என ஐவர். "தலைக்கு மேல் கல்லை உருட்டுவது போல் இருக்கிறது, ஃபாதர். நேற்று இரவு மூன்று மணிக்கு வார்டில் நின்றபடியே கண் மூடிவிட்டது" என்றார் செவிலியர். "நாற்காலியை நகர்த்தாமல் எப்படிச் சாப்பிடுவது, ஃபாதர்?" என்றார் மேல்வீட்டுக்காரர். இருவர் சொன்னதும் உண்மை. எனவே இரு வீடுகளையும் நேரில் பார்க்கச் சென்றோம்.

மேல்வீட்டின் கூடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி. அதில் மூவர் அமரும் சோபா 18 சதுர அடி. அதனோடு வந்த தனி இருக்கைகள் இரண்டும் 18. நடுவில் டீப்பாய் 6. ஆறு பேர் அமரும் சாப்பாட்டு மேசை 15. சுவரை ஒட்டிய ஷோகேஸ் 6. கூட்டினால் 63. அறையில் பாதிக்கு மேல் போயிற்று. மேசையைச் சுற்றியுள்ள ஆறு நாற்காலிகளை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. பெருக்க வேண்டுமானால் சோபாவை இழுக்க வேண்டும். உண்ண வேண்டுமானால் டீப்பாயைத் தள்ள வேண்டும். இரவில் பாட்டிக்குப் படுக்கை விரிக்க மேசையையே சுவரோரம் நகர்த்த வேண்டும்; விடிந்ததும் மீண்டும் இழுக்க வேண்டும். நகர்த்தாமல் அந்த வீட்டில் வாழ முடியாது என்பது மெய்தான். ஆனால் அந்த வீட்டை அப்படி ஆக்கியவர் யார்?

அறை சிறியது என்று கட்டியவரைக் குறை சொல்வது எளிது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஓர் அறை மட்டுமே உள்ள வீட்டிலும் அந்த அறை 9.5 சதுர மீட்டருக்கு, ஏறத்தாழ 102 சதுர அடிக்குக் குறையலாகாது என்கிறது. நாம் பார்த்த கூடம் அந்த அளவுக்கு மேற்பட்டதே. மனிதர் ஐவருக்கு அது நெருக்கடிதான். ஆனால் அந்த நெருக்கடிக்குள் மேலும் நெருக்கடியைக் கொண்டு வந்தவை, ஆண்டில் இருமுறை வரும் விருந்தினர் என்ன நினைப்பாரோ என்னும் அச்சத்தால் வாங்கிய பொருள்கள். திருமணச் சீராக வந்ததை விற்றால் உறவினர் என்ன சொல்வாரோ என்ற தயக்கத்தால் தங்கிவிட்டவை சில. வராத விருந்தினருக்கு இடம் ஒதுக்கினார்கள்; பெற்ற தாய்க்கு நிலையான ஒரு கட்டில் போட இடம் இல்லாமற் போயிற்று. கீழே உறங்கும் அயலாருக்கோ உறக்கமே இல்லாமற் போயிற்று. சிறு வீட்டில் பொருளின் மிகுதியும் ஒலியின் மிகுதியும் இரு வேறு குறைகள் அல்ல. ஒன்றிலிருந்தே மற்றது பிறக்கிறது.

"அந்தக் காலத்தில் ஆட்டுக்கல்லும் உரலும் இல்லாத வீடு உண்டா? யார் புகார் சொன்னார்கள்?" என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு விடை சொல்வது எளிது. அந்த ஆட்டுக்கல் மண்ணின் மேல் இருந்தது. இடியை மண் விழுங்கிக்கொண்டது. அடுக்ககத்தில் தரை என்பது பெரும்பாலும் ஐந்தாறு அங்குலக் கான்கிரீட். பேச்சொலி காற்றின் வழியே வருவது. அதைச் சுவர் ஓரளவு தடுத்துவிடும். ஆனால் நாற்காலிக் கால் தரையில் உரசும்போதும், அம்மியில் குழவி மோதும்போதும் அதிர்வது காற்று மட்டுமன்று, கட்டடமே அதிர்கிறது. அந்த அதிர்வு தளத்திலும் தூணிலும் பரவி, கீழ்வீட்டின் கூரையை ஒரு பறையாக ஆக்கிவிடுகிறது. மேலே இருப்பவர் காதில் மெல்லிய உரசல். கீழே இருப்பவர் தலையில் இடி. "நாங்கள் சத்தமே போடவில்லை" என்று மேல்வீட்டார் சத்தியம் செய்வதும், கீழ்வீட்டார் அதைப் பொய் என்று கொதிப்பதும் இதனால்தான்.

இனி உரிமையைப் பற்றிப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. இந்த அளவு பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைவில் கொள்க. 2010இல் அவ்விதிகளில் செய்த திருத்தம் தனியார் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. நம் வீட்டு ஒலிக்கருவியின் ஓசை நம் இடத்தின் எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் மீறலாகாது என்றது. ஆக, "என் கதவுக்குள் என் விருப்பம்" என்பதைச் சட்டமே ஏற்கவில்லை. ஆயினும் நாற்காலி இழுத்ததற்காகக் காவல் நிலையம் செல்வார் யார்? சட்டம் எட்டாத இடத்தில் மனச்சான்று இருக்க வேண்டும். அது உறங்கினால் அயலார் விழித்திருக்க நேரும்.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டும். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கியையும் இசைக்கருவிகளையும் எதிர்த்துக் குடியிருப்போர் நலச்சங்கம் வழக்குத் தொடுத்தது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதில் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடுமாறு எந்த மதமும் விதிக்கவில்லை, ஒலிபெருக்கி கொண்டு வழிபடுமாறும் போதிக்கவில்லை என்பது அதன் கருத்து. அச்சபை நம் திருச்சபையன்று என்று ஒதுங்கிக்கொள்ள நமக்கு முகமில்லை. திருவிழா நாள்களில் நம் ஆலயக் கோபுரத்தில் கட்டும் ஒலிபெருக்கிகள் யாருடைய கூரையை நோக்கித் திரும்பியிருக்கின்றன? நவநாள் மன்றாட்டை விரும்பாதவரும், நோயுற்றவரும், தேர்வுக்குப் படிப்பவரும் அதைக் கேட்டே தீர வேண்டுமா? இறைவன் செவிடர் அல்லர். நாற்காலியைக் கண்டிக்கும் நாம் ஒலிபெருக்கியைக் கண்டிக்காவிட்டால் நம் சொல்லுக்கு மதிப்பில்லை.

மறுபக்கமும் ஒன்றுண்டு. அமைதியின் பெயரால் கொடுமை செய்வோரும் அடுக்ககங்களில் இருக்கிறார்கள். குழந்தை அழுதால் கதவைத் தட்டுவோர், மாடிப்படியில் சிறுவர் ஓடினால் சங்கத்துக்கு முறையீடு எழுதுவோர், பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு வீடு வாடகைக்கு விடாதே என்போர் அவர்கள். நாம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. பசித்த குழந்தை அழும். நோயுற்றவர் நள்ளிரவில் இருமுவார். முதியவரின் ஊன்றுகோல் தட்டும். இவை வாழ்வின் ஒலிகள். இவற்றைப் பொறுத்துக்கொள்ள இயலாதவர் பிறரோடு வாழ இயலாதவர். நாம் கண்டிப்பது தவிர்க்கக்கூடிய ஒலியை. தவிர்க்க மனமில்லாத செருக்கை. ஒரு ரப்பர் துண்டால் அடங்கிவிடும் ஓசையை உரிமை என்று பேசுவதை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. நாற்காலி, மேசைக் கால்களுக்கு ரப்பர் குமிழ் இடலாம். மிக்சிக்கும் கிரைண்டருக்கும் அடியில் தடித்த ரப்பர் விரிப்போ மடித்த சாக்கோ போடலாம். அவற்றைப் பொதுச் சுவரை ஒட்டி வைக்காமல் சற்றே விலக்கி வைக்கலாம். தொலைக்காட்சியை அடுத்த வீட்டாரின் படுக்கையறைச் சுவரில் மாட்டாதிருக்கலாம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கனமான விரிப்பு ஒன்று போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் இழுத்துத் தள்ளினாலன்றி வாழ முடியாதபடி வீட்டை அடைத்து நிற்கும் பொருளை வெளியேற்றலாம். சுவரோடு மடங்கும் பலகை மேசையாகும். கட்டிலின் அடிப்புறம் பெட்டியாகும். பாய் விரித்தால் விருந்தினர் பத்துப் பேரும் அமர்வர்.

நம் விவிலியத் தமிழில் 'அடுத்திருப்பவர்' என்றொரு சொல் உண்டு. நல்ல சமாரியர் உவமையைக் கேட்டு வளர்ந்த நாம், வழியில் அடிபட்டுக் கிடப்பவரையே அச்சொல்லுக்குரியவராக எண்ணிப் பழகிவிட்டோம். அது சரியே. ஆனால் அவரைச் சந்திக்க வழிப்பயணம் போக வேண்டியதில்லை. அடுக்ககத்தில் அவர் நம் பாதத்தின் கீழே படுத்திருக்கிறார்.

அந்த மேல்வீட்டுக்காரர் எளிதில் இணங்கவில்லை. சாப்பாட்டு மேசையை விட்டுக்கொடுக்க ஒரு மாதம் ஆயிற்று. இன்று அது நம் பங்கின் இளைஞர் படிப்பகத்தில் இருக்கிறது. மேசை நின்ற இடத்தில் பாட்டிக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். மற்றவற்றின் கால்களில் ரப்பர் குமிழ்கள். அண்மையில் அச்செவிலியரைக் கண்டு, இப்போது உறக்கம் எப்படி என்று வினவினோம். "பிள்ளைகள் ஓடுவது மட்டும் இன்னும் கேட்கிறது, ஃபாதர். அது ஓடட்டும்" என்றார்.

வாசக அன்பர்களே, இன்றிரவு உங்கள் நாற்காலியை இழுப்பதற்கு முன் ஒரு நொடி நில்லுங்கள். குனிந்து அதைத் தூக்கி வையுங்கள்.