பக்கவாதம் வந்தவரின் இரவை யார் கவனிப்பது?

ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த சென்னை நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் பக்கவாதம் கண்டு வீடு திரும்பியவருக்குப் பகலில் குறையேதும் இருப்பதில்லை. பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். பிரஷர், சுகர் மாத்திரைகள் வேளைவாரியாக டப்பாவில் பிரிந்திருக்கும். இரவில் அவர் உரக்கக் குறட்டை விட்டால் மட்டும், ‘அசந்து தூங்கறார்’ என்று வீட்டார் நிம்மதியடைகிறார்கள். அந்தக் குறட்டை சட்டென்று அறுந்து, பத்து விநாடிக்கு மேல் மூச்சே இல்லாமல் போய், பிறகு ஒரு திணறலோடு மறுபடி தொடங்கினால் அது ஸ்லீப் ஏப்னியாவாக இருக்கலாம். பக்கவாத நோயாளியை டிஸ்சார்ஜ் செய்யும்போது எழுதித் தரும் பரிசோதனைகளில் இதற்கானதும் வழக்கமாக இடம்பெற வேண்டும்.

தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும் ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, பிரஷர் எகிறுகிறது, மூளை அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. மணிக்கு 30 தடவை இப்படி நடந்தால் தீவிர நிலை. பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. காலையில் பழகிய கை, கால் அசைவுகளை மூளை பதியவைத்துக்கொள்ள நல்ல தூக்கம் தேவை. அந்தத் தூக்கமே துண்டு துண்டானால் பிசியோதெரபிக்குச் செலவிடும் பணமும் உழைப்பும் முழுப் பலன் தருவது கடினம். மூச்சுப்பாதை மூடாதபடி காற்றழுத்தம் தரும் சிபாப் கருவியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த கனடா ஆய்வு 2011இல் வெளிவந்தது. உடல் இயக்கத்தில் முன்னேற்றம் தெரிந்தது. நினைவாற்றல் போன்றவற்றில் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒதுக்கித்தள்ளக் கூடியதல்ல.

மறுப்பவர்கள் 2016இல் வெளியான ‘சேவ்’ ஆய்வைக் காட்டுவார்கள். இந்தியா உட்பட ஏழு நாடுகளில், 2,700 பேரிடம் நடந்தது. மாரடைப்போ பக்கவாதமோ மறுபடி வருவதை சிபாப் குறைக்கவில்லை என்பது அதன் முடிவு. நியாயமான மறுப்புதான். ஆனால் ஆய்வில் கருவி தரப்பட்டவர்கள் அதைச் சராசரியாக அணிந்தது இரவுக்கு 3.3 மணி நேரம், அதாவது பாதித் தூக்கம்கூட இல்லை. அப்படியிருந்தும் பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது. அடுத்த பக்கவாதத்தைத் தடுக்குமா என்பது ஒரு கேள்வி. வந்ததிலிருந்து மீள உதவுமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் பொருத்திவிடுவது அவசரம்.

நடைமுறைச் சிக்கலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு கை செயலிழந்தவர் சிபாப் முகமூடியின் பட்டையைத் தானே மாட்டிக்கொள்ள முடியாது. வாய் ஒருபக்கம் கோணியிருந்தால் காற்று கசியும். கருவியின் விலையும் நடுத்தரக் குடும்பத்தை யோசிக்கவைக்கும். ஆகவே எல்லோர் தலையிலும் கருவியைக் கட்டச் சொல்லவில்லை. மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சு அடைபடுகிறவருக்கு ஒருக்களித்துப் படுப்பதே ஓரளவு உதவும். யாருக்கு எது தேவை என்பது பரிசோதித்தால்தானே தெரியும்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர் மாத்திரையையும் பிசியோதெரபியையும் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. அதில் வரும் பணியாளர் குறட்டையைப் பற்றியும் கேட்கலாம், காசு செலவில்லை. ஆனால் நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரியாது. பக்கத்தில் படுப்பவரிடம் கேட்க வேண்டும்.