பாட்டில் மாறினால் மருந்து மாறுமா?

"மூணு மருந்து மாத்திப் பார்த்துட்டேன் டாக்டர். உண்ணி போகவே மாட்டேங்குது!"

அந்த அம்மா பையிலிருந்து காலி பாட்டில்களை எடுத்து வைத்தார். ஒன்றில் சைபர்மெத்ரின், மற்ற இரண்டில் டெல்டாமெத்ரின். கம்பெனி வேறு, பெயர் வேறு. ஆனால், மருந்துகள் ஒரே குடும்பம்! ஒன்றுக்குச் சாகாத உண்ணி, பெரும்பாலும் மற்றொன்றுக்கும் சாகாது.

போதாததற்கு, சிக்கனமாக இருக்கட்டும் என்று அளவையும் பாதியாகக் குறைத்திருக்கிறார். அரைகுறை மருந்தில் நோஞ்சான் உண்ணிகள் செத்துப்போகும், தாக்குப்பிடிப்பவை பிழைத்துக்கொள்ளும். ரத்தம் குடித்துப் பருத்துக் கீழே விழும் ஒரு பெண் உண்ணி, தொழுவத்தின் இடுக்கில் 2,000 முட்டைகளுக்கு மேல் இடும். அந்தக் குஞ்சுகளுக்கும் மருந்தைத் தாங்கும் சக்தி வந்துவிடும்.

என்ன செய்யலாம்?

* பாட்டிலின் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.

* பலன் இல்லையென்றால், அமிட்ராஸ் போன்ற வேறு வகை மருந்தை கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் பயன்படுத்துங்கள். கறவை மாடு என்றால், பாலை எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

* எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். காதின் உட்புறம், மடி, வாலடியை விட்டுவிடாதீர்கள்.

* தொழுவத்துச் சுவர் விரிசல்களைப் பூசிவிடுங்கள்.

அந்த அம்மாவின் பசுவுக்குக் காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவப்பாகப் போனது. உண்ணி பரப்பும் பபேசியா நோய். சிகிச்சையில் பசு பிழைத்தது, பால்தான் பாதியாகிவிட்டது. மருந்தில் மிச்சம் பிடித்த காசு எங்கே போனது, பாருங்கள்!